நான் அழித்த எட்டு

விராலிமலை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது போர்டில் இருக்கிற பெயர்தான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூட வினாத்தாள், தாசில்தாருக்கு மனு என்று எழுத்தில் வருகிற எல்லாவற்றையும் பதினாறு வருடமாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும், அதைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே "பண்ணிரலாம்" என்று சொல்வது என் பழக்கம். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று இழுத்தால், ஆள் ரோட்டைக் கடந்து எதிர்க்கடைக்குப் போய்விடுவார்.

ஒரு மார்ச் மாத மதியம் டீச்சர் வந்தபோதும் அப்படித்தான் சொன்னேன்.

டீச்சர் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுப்பவர். கொடும்பாளூர் பக்கம் உள்ளே தள்ளியிருக்கிற ஒரு கிராமத்து மாதா கோயிலில் பாடகர் குழுவை நடத்துபவரும் அவர்தான். ஐம்பதைத் தாண்டியவர். தண்ணீர் கேட்டால்கூட ஒரு வகுப்பறையையே அடக்குகிற சத்தத்தில்தான் கேட்பார். அவருடைய வினாத்தாள்களை எல்லாம் நான்தான் அடித்துக் கொடுப்பேன். அன்று அவர் கவுண்டரில் வைத்தது வினாத்தாள் இல்லை, ஒரு நீள நோட்டு.

"அஞ்சு பாட்டும்மா. மே மாசம் எங்க கோயில் திருவிழா. எல்லாம் நானே எழுதி மெட்டுப் போட்டது. நீட்டா டைப் பண்ணிக் குடுக்கணும்."

"பண்ணிரலாம் டீச்சர்," என்று சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தேன்.

பக்கம் முழுக்க ஐந்தைந்தாகக் கோடுகள். கோடுகளின் மேலும் நடுவிலும் கறுப்புப் புள்ளிகள். சில புள்ளிகளுக்குக் குச்சி இருந்தது, சில குச்சிகளுக்கு வால் இருந்தது, சில வால்கள் பக்கத்து வாலோடு கைகோத்துக்கொண்டு போயின. இவற்றுக்கெல்லாம் அடியில், நசுங்கிப்போய், கொஞ்சம் தமிழ் தெரிந்தது.

"டீச்சர், இதுல எதை டைப் பண்ணணும்? தமிழை மட்டுமா?"

"எல்லாத்தையுந்தான். பாட்டே அந்தப் புள்ளியிலதானம்மா இருக்கு."

எனக்குப் பாட்டு என்றால் ரேடியோவில் வருவது. அது புள்ளியில் இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ஆனால் வாய் திறந்து சொல்லியாகிவிட்டது.

மறுநாள் காலை, பத்திரிகை அடிக்கிற மென்பொருளிலேயே ஆரம்பித்தேன். ஐந்து கோடு போட்டேன். ஆங்கில 'ஓ' எழுத்தைப் பெரிதாக்கி, படுக்கவைத்து, கறுப்பு அடித்து, கோட்டின்மேல் கொண்டுபோய் வைத்தேன். அதற்கு ஒரு குச்சி. குச்சிக்கு ஒரு வால். மதியச் சாப்பாட்டுக்குள் பதினோரு புள்ளிகள் ஆயின. நோட்டில் எத்தனை புள்ளி இருக்கிறது என்று எண்ணத் தொடங்கி, முதல் பாட்டின் இரண்டாம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன்.

சாயங்காலம் பள்ளி விட்டு டீச்சர் எட்டிப் பார்த்தார். திரையை உற்றுப் பார்த்தார்.

"என்னம்மா இது, கொடிக்கயித்துல துணி காயப்போட்ட மாதிரி இருக்கு?"

"ஆரம்பம்தானே டீச்சர்."

"இதுக்குன்னே சாப்ட்வேர் இருக்காம்மா. சும்மாவே கெடைக்குதாம். திருச்சியில எல்லாக் கோயில்லயும் அதுலதான் பண்றாங்களாம்."

இதை நேற்றே சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. டீச்சரிடம் அதைச் சொல்லுகிற தைரியம் இந்த வட்டாரத்தில் யாருக்கும் கிடையாது.

மென்பொருளை இறக்கினேன். திறந்ததும் அது என்னிடம் என்ன வேண்டும் என்று கேட்டது. ஒரு பெரிய பட்டியல். பாதிக் கருவிகளின் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்க்கக்கூட முடியவில்லை. பெரிதாக எது இருக்கிறதோ அதுதான் நல்லது என்று நினைத்து, பட்டியலில் கடைசியாக இருந்த பெரியதைத் தேர்ந்தெடுத்தேன். திரை நிறைய முப்பது வரிசைக்கு மேல் கோடுகள் வந்து நின்றன. பார்த்த டீச்சர், "எங்க கோயில்ல பாடுறது பன்னெண்டு பேரும்மா. நீ ஒரு பட்டாளத்துக்கே போட்டு வச்சிருக்க," என்றார். பிறகு அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார்.

நான்கு குரல்கள். உச்சத்தில் பாடும் பெண்கள் சோப்ரானோ. கொஞ்சம் தணிந்து பாடும் பெண்கள் ஆல்டோ. மேலே போகிற ஆண்கள் டெனர். அடியில் பாடுகிற ஆண்கள் பேஸ். ஒவ்வொரு குரலுக்கும் ஓர் ஐந்து கோடு. ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் ஒரு சுருண்ட குறி இருக்கும், அதற்கு கிளெஃப் என்று பெயர். எந்தக் கோடு எந்தச் சுரம் என்று சொல்வது அந்தக் குறிதான். நான் தலையாட்டினேன். நான்கு குரல் என்பது மட்டும் மனதில் நின்றது.

"புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சுது டீச்சர்."

அவர் எழுந்து போனதும், பட்டியலில் நான்கு குரல் பாடகர் குழு என்று இருந்ததைத் தேடி எடுத்தேன். நான்கே நான்கு வரிசை. அப்பாடா என்றிருந்தது.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரத்தில் அந்த மென்பொருளோடு நான் போட்ட சண்டையை என் வீட்டுக்காரரோடுகூடப் போட்டதில்லை. பதினாறு வருடமாக நான் பழகிய கம்ப்யூட்டர் நான் சொன்னதைக் கேட்கிற கம்ப்யூட்டர். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மூன்று முறை அடித்தாலும் அது ஏன் என்று கேட்காது. இது கேட்டது. குறுக்குக் கோடு போட்டுப் பிரித்த ஒரு கட்டத்துக்கு நான்கு எண்ணிக்கை என்றால் நான்குதான். ஐந்தாவதாக ஒரு புள்ளி வைத்தால் அதைப் பிடித்து அடுத்த கட்டத்தில் தள்ளிவிட்டது. நான் திருப்பி இழுத்தால் மறுபடி தள்ளியது. ஒரு புள்ளியை அழித்தால் இடம் காலியாகவில்லை. அங்கே ஒரு நெளிந்த குறி வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு ஓய்வு என்று அர்த்தமாம். அதையும் அழித்தேன், அது போகவில்லை. ஒரு நாள் முழுக்க அழித்துக்கொண்டிருந்துவிட்டு டீச்சருக்குப் போன் போட்டேன்.

"டீச்சர், இந்த ஓய்வு போகவே மாட்டேங்குது."

"அது ஏம்மா போகணும்? பாடுறவங்க மூச்சு விட வேண்டாமா?"

அதுவரைக்கும் பாடுகிறவர்கள் மூச்சு விடுவார்கள் என்பதையே நான் யோசிக்கவில்லை.

தமிழ் வரிகளைப் போடுவது அதைவிடப் பெரிய கூத்து. நான் காலமெல்லாம் அடித்தது பழைய எழுத்துரு. இந்த மென்பொருளில் அதை அடித்தால் ஆங்கிலமும் ஆச்சரியக்குறியுமாக ஏதோ வந்தது. புதிய முறையில் அடிக்க விரலைப் பழக்கிக்கொள்ளவே நான்கு நாள். பிறகு பார்த்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் ஒவ்வோர் அசையாகப் பிரித்துப் போட வேண்டும். 'விடியலைக் கொண்டு வந்தவரே' என்று முதல் பாட்டு ஆரம்பிக்கிறது. வி, டி, ய, லைக், கொண், டு என்று பிரித்துக்கொண்டே போய், கடைசி 'ரே'யில் மாட்டிக்கொண்டேன். எழுத்து ஒன்றுதான், அதற்கு மேலே புள்ளிகள் ஆறு. ஐந்து புள்ளிகளுக்கு அடியில் ஒன்றும் இல்லாமல் விடுவது எனக்குத் தொழில் தர்மமாகப் படவில்லை. ஆறுக்கும் 'ரே' போட்டேன்.

டீச்சர் அச்சை எடுத்துப் பார்த்து மெதுவாகப் படித்தார். "கொண்டு வந்தவ, ரே ரே ரே ரே ரே ரே." என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, ஆட்டை வெரட்டுற மாதிரி இருக்கே?"

ஒரே எழுத்தை இழுத்துப் பாடும்போது அதற்குப் பின்னால் ஒரு கோடுதான் போட வேண்டுமாம்.

இப்படியெல்லாம் வாங்கிக்கட்டிக்கொண்டாலும், ஒரு நாள் முதல் பாட்டு முடிந்தது. அப்போதுதான் தற்செயலாக ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். கடை ஸ்பீக்கரிலிருந்து நான்கு குரல்கள் "ஆ" என்று கிளம்பின. ஆதார் நகல் எடுக்க நின்றிருந்த இரண்டு பேர் ஓரடி பின்னால் போனார்கள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். என் கையால் வைத்த புள்ளிகள் பாடிக்கொண்டிருந்தன. வார்த்தை இல்லை, வெறும் "ஆ"தான். ஆனால் மேலே போக வேண்டிய இடத்தில் மேலே போயிற்று, மூச்சு விட வேண்டிய இடத்தில் விட்டது. அன்றைக்கு அதை எத்தனை முறை போட்டுக் கேட்டேன் என்று பக்கத்து டீ மாஸ்டரைக் கேட்டால் சொல்வார்.

அந்த டீ மாஸ்டர்தான் ஒரு விஷயத்தை முதலில் கவனித்தவர். டெனர் வரிசையை மட்டும் தனியாக ஓடவிட்டால், எதிரே இருக்கிற காம்பவுண்டுச் சுவரில் நிற்கும் மயில்கள் பதிலுக்கு அகவின. எங்களூரில் மயில்கள் கோழி மாதிரி திரிகிறவை, எதற்கும் அவ்வளவாக அசராதவை. டெனருக்கு மட்டும் அசந்தன.

"என்னக்கா, மயிலைக் கூப்புடுறீங்களா?"

"இது ஆம்பளைங்க பாடுறதுண்ணே."

"ஆம்பளைங்களா?" என்றார் டீ மாஸ்டர். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "எந்த ஊரு ஆம்பளைங்க?" என்றார்.

நான் அவருக்கு இசை தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். மென்பொருள் தந்த நான்கு வரிசையில், டெனருடைய சுருண்ட குறியின் காலடியில் மட்டும் ஒரு சின்ன எட்டு இருந்தது. மற்ற மூன்றுக்கும் இல்லை. டீச்சருடைய நோட்டில் புரட்டிப் பார்த்தேன். அங்கேயும் எந்த எட்டும் இல்லை. பதினாறு வருடம் பிழை திருத்திய கண் எனக்கு. எங்கிருந்தோ தப்பி வந்த ஓர் எண் அசிங்கமாக ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எட்டில்லாத குறியைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டேன். எட்டு போய்விட்டது. பக்கம் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. பிறகுதான் புள்ளிகளை வைக்க ஆரம்பித்தேன். ஐந்து பாட்டிலும் அப்படியே செய்தேன். டீச்சரும் அச்சைச் சரிபார்த்தார். தன் நோட்டில் இருந்ததுபோலவே இருந்ததால் அவர் கண்ணிலும் படவில்லை.

ஏப்ரலில் டீச்சருக்கு விடைத்தாள் திருத்துகிற வேலை வந்தது. தினமும் காலையில் புதுக்கோட்டை போய், பொழுது சாயத் திரும்புவார். பதினோரு நாள் ஒத்திகை கிடையாது, அவரவர் தனியாகத்தான் பழக வேண்டும். குழுவில் யாருக்கும் புள்ளியைப் படிக்கத் தெரியாது. எல்லோரும் காதால் கேட்டுப் பழகுகிறவர்கள். அதனால் ஒவ்வொரு குரலையும் தனித்தனி ஆடியோவாக எடுத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

"பண்ணிரலாம் டீச்சர்."

பாடகர் குழுவின் வாட்ஸப்பில் என்னையும் சேர்த்தார்கள். இருபது ஆடியோ அனுப்பினேன். டீச்சருக்கு எதையும் போட்டுக் கேட்க நேரமில்லை, புதுக்கோட்டை பஸ்ஸிலிருந்து அவருடைய குரல் செய்தி மட்டும் அடியில் வந்தது.

"எல்லாரும் கேட்டுக்கங்க. வருசா வருசம் நீங்க பாட்டை எறக்கி எறக்கி ஒங்க வசதிக்குக் கொண்டாந்துர்றீங்க. இந்தத் தடவை அது நடக்காது. ஆடியோவுல எந்த ஒசரத்துல இருக்கோ அந்த ஒசரத்துலதான் பாடணும். முக்கியமா டெனர். எறக்குனீங்கன்னு தெரிஞ்சா தொலைச்சுருவேன்."

மூன்று கட்டைவிரல்கள் வந்தன. டெனர் மூன்று பேர். ஒருவர் மின்வாரியத்தில் லைன்மேன், ஒருவர் பஸ் கண்டக்டர், இன்னொருவர் உரக்கடை வைத்திருப்பவர். மூவரும் நாற்பதைத் தாண்டியவர்கள். மூவருக்கும் நல்ல கட்டையான குரல். அவர்களுக்கு நான் அனுப்பியிருந்தது பெண்களுடைய உச்சக் குரலுக்கும் மேலே ஏறி நிற்கிற ஒன்று.

அந்தப் பதினோரு நாளில் என்ன நடந்தது என்பது எனக்குப் பின்னால் தெரிய வந்தது. அப்போது வாட்ஸப்பில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன்னால்தான் முடியவில்லை, மற்ற இரண்டு பேரும் பாடிவிடுகிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள்.

லைன்மேன் மனசாட்சி உள்ளவர். வீட்டில் பாடினால் பிள்ளைகள் சிரித்தன என்பதால் வேலை நேரத்தில் பழகியிருக்கிறார். ஒரு நாள் ஏதோ தோட்டத்தில் கம்பத்தின்மேல் ஏறி, வேலை முடிந்ததும் சட்டைப்பையில் இருந்த போனைத் தட்டிவிட்டு, மேலிருந்தபடியே 'விடியலை' எடுத்திருக்கிறார். கீழே களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தால், கம்பத்தின் உச்சியில் ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, "வீ" என்று கத்துகிறார். கரண்ட் பிடித்துவிட்டது என்று ஒரே கூச்சல். ஒருவர் ஆபீசுக்குப் போன் போட்டார். ஒருவர் காய்ந்த மூங்கில் கழியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். லைன்மேன் இறங்கி வந்து, தான் பாடிக்கொண்டிருந்ததாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் நம்பவில்லை. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, கையைக் காலைத் தடவிப் பார்த்த பிறகுதான் விட்டிருக்கிறார்கள்.

கண்டக்டருக்கு நான்காவது நாளே தொண்டை போய்விட்டது. "உள்ள போங்க, உள்ள போங்க" என்பதை விசிலிலேயே ஊதிச் சமாளித்திருக்கிறார். மணப்பாறை நிறுத்தத்தில் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியாமல் கையால் அபிநயம் பிடித்ததாகக் கேள்வி. உரக்கடைக்காரர் உப்புத் தண்ணீர், மிளகு, சித்தரத்தை எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு அட்டையில் 'யூரியா நாளைக்கு வரும்' என்று எழுதிக் கல்லாவுக்கு மேலே தொங்கவிட்டார். எதைக் கேட்டாலும் அந்த அட்டையைக் காட்டினார்.

திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது டீச்சர் விடைத்தாளை முடித்துக்கொண்டு வந்துசேர்ந்தார். அன்று சாயங்காலம் முழு ஒத்திகை. அச்சடித்த பிரதிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க நானும் போயிருந்தேன். என் புள்ளிகளை மனிதர்கள் பாடிக் கேட்கப்போகிறேன் என்று நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன்.

டீச்சர் கீபோர்டில் சுருதி கொடுத்துவிட்டுக் கையை உயர்த்தினார். சோப்ரானோ பெண்கள் அழகாக எடுத்தார்கள். ஆல்டோ சேர்ந்தது. பேஸில் இரண்டு பேர், அவர்கள் ஏனோ முன்கூட்டியே சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். ஐந்தாவது கட்டத்தில் டெனர் உள்ளே வர வேண்டும். லைன்மேன் கண்ணை மூடினார். கண்டக்டர் தலைக்கு மேலே எதையோ எட்டிப் பறிக்கப்போகிறவர்போலக் குதிகாலைத் தூக்கினார். உரக்கடைக்காரர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கோயில் மணிக்கூண்டிலிருந்த புறாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின.

டீச்சரின் கை அந்தரத்தில் நின்றது. "யாரு அது?"

"நாங்கதான் டீச்சர்," என்றார் லைன்மேன். அவருக்கு மட்டும்தான் பேசுகிற அளவுக்குக் குரல் மிச்சம் இருந்தது.

"என்ன பண்றீங்க?"

"டெனர், டீச்சர்."

"அது டெனரா? ஆடியோவைப் போடுங்க."

லைன்மேன் போனை நீட்டினார். டீச்சர் கேட்டார். பிறகு என் கையில் இருந்த பிரதியை வாங்கினார். டெனர் வரிசையின் தொடக்கத்தில் விரலை வைத்தார்.

"இங்க ஒரு எட்டு இருக்கணுமே. எங்கம்மா அது?"

"அது ஏதோ தப்பா வந்துருக்குன்னு எடுத்துட்டேன் டீச்சர்."

"எடுத்துட்டியா?"

"மத்த மூணுலயும் இல்லியேன்னு..."

"அந்த எட்டு இருந்தாத்தாம்மா இதை எட்டு சுரம் கீழ பாடணும்னு அர்த்தம். அது இல்லாட்டி பொம்பளைங்க ஒசரம்."

கண்டக்டர் மெல்ல என் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. அவர் சொல்ல நினைத்ததை லைன்மேன் சொன்னார்.

"பதினோரு நாளாச்சு தங்கச்சி."

அடக்கிக்கொண்டிருந்த பேஸ்காரர்கள் இரண்டு பேரும் அப்போது வெடித்தார்கள். ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வேலைக்குப் போகிற மூன்று மனிதர்களின் தொண்டையை, பக்கம் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கெடுத்திருக்கிறேன்.

டீச்சர் தன் நீள நோட்டை எடுத்துப் புரட்டினார். முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு, மூன்றாம் பாட்டு. ஐந்தையும் பார்த்து முடித்தார். நோட்டை மூடினார். பள்ளியில் அவரிடம் படித்த யாரும் கேட்டிருக்க முடியாத ஒரு சின்னக் குரலில் சொன்னார்.

"நானும் போடலம்மா. எனக்குத் தெரியுமேன்னு விட்டுட்டேன்."

பிறகு டெனர்கள் பக்கம் திரும்பினார். "சரி, நீங்களாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"நீங்கதான டீச்சர் தொலைச்சுருவேன்னு சொன்னீங்க," என்றார் லைன்மேன்.

டீச்சர் கீபோர்டின் மூடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக எட்டைத் திருப்பி வைத்தேன். வைத்த வேகத்தில் அந்த வரிசையின் புள்ளிகள் அத்தனையும் கோட்டை விட்டு மேலே பாய்ந்து, கூரையில் ஏறி நின்றன. ஓடவிட்டுக் கேட்டால் சத்தம் அதே உயரத்தில் இருந்தது. எட்டை எடுத்தேன், இறங்கி வந்தன. வைத்தேன், ஏறின. இப்படி ஏற்றியும் இறக்கியும் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மெல்லப் புரிந்தது. நான் வைத்தது புள்ளியை அல்ல, சத்தத்தை. குறியை மாற்றினால் சத்தம் மாறாது. அதே சத்தத்தைப் புதிய குறியில் எங்கே எழுத வேண்டுமோ அங்கே மென்பொருள் எழுதிக் காட்டுகிறது, அவ்வளவுதான். டீச்சர் ஆரம்பத்தில் தலைகீழாக நின்று விளக்கியது, ஒன்றரை மாதம் கழித்து, ஒரு தப்பைத் திருத்தும்போது எனக்கு விளங்கியது. அதுவரை வந்த வேலைகளிலெல்லாம் நான் பார்த்தது உருவத்தை மட்டும்தான். ஒரு எழுத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்ததே இல்லை.

வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, எட்டு சுரம் கீழே இறக்குகிற கட்டளையைத் தேடிப் பிடித்தேன். ஒரே தட்டு. கூரையில் நின்ற புள்ளிகள் எல்லாம் கோட்டுக்குள் வந்து உட்கார்ந்தன. ஓடவிட்டேன். ஆண்கள் பாடினார்கள். டீ மாஸ்டர் வெளியே வந்து எட்டிப் பார்த்து, "ம், இது ஆம்பளை," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

புதிய ஆடியோவை அனுப்பி, கீழே மன்னிப்பும் எழுதினேன். மூன்று கட்டைவிரல்கள் வந்தன. உரக்கடைக்காரர் கூடுதலாகக் கும்பிடு ஒன்றும் போட்டிருந்தார். அது எனக்கா ஆண்டவருக்கா என்று தெரியவில்லை.

திருவிழாவன்று கோயிலில் கடைசி வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். எனக்கு அந்தப் பூசையில் எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாது. பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்துப் பார்த்து எழுந்தும் உட்கார்ந்தும் கொண்டிருந்தேன். பாட்டு ஆரம்பித்தது.

டெனர் மூன்று பேருக்கும் இன்னும் தொண்டை சரியாகவில்லை. ஆனால் இறங்கிப் பாடுவதே அவர்களுக்கு ஊஞ்சலில் உட்கார்ந்த சுகமாக இருந்திருக்க வேண்டும். சத்தம் எழுப்பத் திராணி இல்லாமல், மெதுவாக, ஒருவர் குரலை மற்றவர் கேட்டுக்கொண்டு பாடினார்கள். வழக்கமாக அந்த மூன்று பேரும் பாடினால் மற்ற ஒன்பது பேரும் வாயசைக்கிறார்களா என்று சந்தேகம் வருமாம். அன்றைக்கு நான்கு குரலும் நான்காகக் கேட்டன. ஆல்டோ ஓரிடத்தில் ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருக்க, பேஸ் படிப்படியாக இறங்கிப் போகும். அந்தக் கட்டம் மூன்றாம் பக்கத்தில் வரும். அதை நான் முதுகு வலிக்க வலிக்க அடித்திருக்கிறேன். அடிக்கும்போது அது எனக்குப் பத்துப் புள்ளி. இப்போது அந்த இடம் வந்தபோது கையெல்லாம் சிலிர்த்துவிட்டது. பக்கத்து அம்மா எழுந்துவிட்டார், நான் எழ மறந்து உட்கார்ந்திருந்தேன்.

பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் டீச்சரிடம் வந்து, இந்த வருசம் டெனர் ரொம்பப் பக்குவமா இருந்துச்சு, எப்படிப் பழக்குனீங்க என்று கேட்டார். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தனியா ஆடியோ குடுத்துப் பழக்குனோம் சாமி," என்றார்.

பந்தலில் சாப்பாடு போட்டார்கள். நான் இலையில் உட்கார்ந்து பாதி சாப்பிட்டிருப்பேன். டெனர்கள் மூவரும் தண்ணீர் ஜக்கும் குழம்பு வாளியுமாக என் எதிரில் வந்து நின்றார்கள். திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். கண்டக்டர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார். கிசுகிசுப்பைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக வந்தது குரல்.

"தங்கச்சி, ஒரு ஒதவி."

"சொல்லுங்கண்ணே. எதுவா இருந்தாலும் பண்ணிரலாம்."

"பேஸ் ஆடியோ இருக்குல்ல, அஞ்சு பாட்டுக்கும்? எங்க மூணு பேருக்கும் அதைத் தனியா அனுப்பி விடுங்க. நாங்க அங்கிட்டு மாறிரலாம்னு இருக்கோம்."

"டீச்சர் ஒத்துக்கிட்டாங்களா?"

"கேக்கல," என்றார் லைன்மேன். உரக்கடைக்காரர் என் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

நான் அவர்களுக்குச் செய்ததற்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? வீட்டுக்கு வந்ததும் பதினைந்து ஆடியோ அனுப்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் டீச்சரிடமிருந்து ஆறு முறை போன் வந்திருந்தது. நான் எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை கடையைத் திறக்கும்போது அவரே ஷட்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"பேஸ்ல அஞ்சு பேரு நிக்கிறாங்க. டெனர்ல ஒருத்தன்கூட இல்ல. யாரு வேலைம்மா இது?"

நான் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். டீச்சர் கைப்பையிலிருந்து புதிதாக ஒரு நீள நோட்டை எடுத்தார்.

"சரி, அதை விடு. டெனரே இல்லாம மூணு கொரலுக்கு ஒரு பாட்டு எழுதிருக்கேன். டைப் பண்ணணும்."

"குடுங்க டீச்சர், முதல்ல பாத்துட்டுச் சொல்றேன்," என்றேன்.